கறையான் படித்த இரசாயனம்

பிள்ளைகளை நான் வீட்டில் வைத்துப் படிப்பித்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் இப்போது என்னை ஏதோ பெரிய கொள்கைக்காரி என்று நினைத்துவிடுகிறார்கள். கொள்கையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. பயமும் பிடிவாதமும்தான். பயம் அப்போது ஊருக்கெல்லாம் பொது. பிடிவாதம் மட்டும் என் சொந்தச் சொத்து.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு அது. நீர்வேலியில் எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் வாழைத்தோட்டம், நாலாவது பக்கம் அயல்வீட்டு வேலி. எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் உயர்தரப் பரீட்சையை முதல் தடவை எழுதி, மருத்துவத்துக்குச் சொற்பப் புள்ளிகளால் தவறிப்போய் இருந்தாள். இளையவள் அவளுக்கு ஒரு வயது குறைவு. அடுத்த ஓகஸ்டில் மூத்தவளுக்கு இரண்டாம் தடவை, இளையவளுக்கு முதல் தடவை. இரண்டு பேருக்கும் ஒரே பாடங்கள்: விலங்கியல், தாவரவியல், இரசாயனம், பௌதிகம்.

பள்ளிக்கூடம் பெயருக்கு இருந்தது. வகுப்பறைகளில் இடம்பெயர்ந்து வந்த சனங்கள் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். பாவம், அவர்கள் எங்கே போவார்கள்? படிப்பு வேப்பமரத்தின் கீழே, அதுவும் கிழமைக்கு இரண்டு நாள். மிச்சத்துக்கு யாழ்ப்பாணப் பட்டணத்தில் ரியூசன். ஆறு மைல் சைக்கிள் மிதிக்க வேண்டும்.

ஒரு நாள் பதினொரு மணிக்கு வரவேண்டியவர்கள் ஒன்றரைக்கு வந்தார்கள். இரண்டு பேரின் சட்டையும் முன்பக்கம் முழுக்கச் சேறு. குண்டு போடுகிற பொம்பர் வந்து சுற்றியதாம், தெருவோர வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்தார்களாம். இளையவள் அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். மூத்தவள் ஒன்றும் பேசாமல், நனைந்த கொப்பியின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலில் வைத்தாள். அந்தப் பேசாமைதான் என்னைக் கொன்றது. அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனி ரியூசன் இல்லை, நானே படிப்பிக்கிறேன் என்று.

என் வீட்டுக்காரர் தோட்டக்காரர். அதிகம் கதைக்க மாட்டார். வாழைக்குலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தவர் கயிற்றை விடாமலே கேட்டார்.

"உமக்குப் பௌதிகம் தெரியுமோ?"

"தெரியாது. பிள்ளையளோடை சேந்து படிக்கிறன்" என்றேன்.

அவர் குலையைக் கட்டி முடித்துவிட்டு அச்சுவேலிச் சந்தைக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் நினைக்கக் கூடாது. நானும் உயர்தரம் எழுதியவள். விலங்கியலும் தாவரவியலும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. முதல் தடவை சரிவரவில்லை. இரண்டாம் தடவைக்கு விண்ணப்பம் நிரப்பி வைத்திருந்தபோது கலியாணம் பேசி வந்தார்கள். விண்ணப்பம் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது. கலியாணத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மூத்தவள் சொற்பத்தில் தவறியபோது எனக்கு வந்த கோபம் ஒரு தாய்க்கு வரவேண்டிய அளவைவிடப் பெரியது. அது என் பழைய கோபமும் சேர்ந்தது என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

கிணற்றைச் சுற்றிக் கட்டியிருந்த சீமெந்துத் தரைதான் எங்கள் கரும்பலகை. விடிந்ததும் அடுப்புக்கரியை எடுத்துக்கொண்டு போய்விடுவோம். நான் ஒரு பக்கம் தவளையின் குருதிச் சுற்றோட்டத்தைக் கீறுவேன், மறுபக்கத்தில் இளையவள் ஒளிக்கதிரை வில்லைக்குள்ளால் அனுப்பிக்கொண்டிருப்பாள். பிழை என்றால் ஒரு வாளித் தண்ணீர். சரி என்றாலும் குளிக்கிற நேரத்தில் ஒரு வாளித் தண்ணீர். அடித்துக் கழுவிய பிறகு மனதில் நிற்பதுதான் படிப்பு என்பது என் சட்டம். பத்து மணிக்குப் பிறகு வானத்தில் சத்தம் கேட்கத் தொடங்கினால் வாழைகளுக்குள் போய்விடுவோம், பதுங்குகிற பங்கர் வாசலுக்குப் பக்கத்தில்.

வெட்டிப் பார்க்கிற பாடத்துக்குத் தட்டு இல்லை, ஊசி இல்லை. வாழைத்தண்டைப் பிளந்து கவிழ்த்து வைத்து, அதில் கரப்பானை மல்லாத்தி, எலுமிச்சைத் தேசிமரத்து முள்ளுகளால் குத்தினோம். நான் சொல்கிறேன், எந்தப் பள்ளிக்கூடத்து மெழுகுத் தட்டும் அதற்குக் கிட்ட வராது. முள் வழுக்காது, ஈரமும் காயாது. தேரை அறுத்த அன்று வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமையில் இந்தப் பாவம் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு தேரைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுதலை.

இப்படி விலங்கியலும் தாவரவியலும் ஓடின. பௌதிகத்தைப் பழைய புத்தகத்தை வைத்து மூன்று பேருமாக முட்டி மோதினோம். இரசாயனத்துக்குத்தான் எனக்குத் துணிவு இல்லை. ஆனால் அதற்கு என்னிடம் ஒரு பொக்கிஷம் இருந்தது.

என் அண்ணையின் மகன் பட்டணத்தில் பேர்போன ஒரு இரசாயன மாஸ்டரிடம் படித்தவன். அந்த மாஸ்டர் எண்பதுகளின் கடைசியில் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அண்ணையின் மகன், என் மருமகனும் பிறகு போய்விட்டான். போகும்போது அவருடைய நோட்ஸை என் கையில் தந்துவிட்டுப் போனான். தடித்த மட்டை போட்ட ஆறு சி.ஆர். கொப்பிகள். முத்துப்போல எழுத்து. அந்த மாஸ்டரின் நோட்ஸைப் படித்தால் வேறு ஒன்றும் தேவையில்லை என்று வலிகாமம் முழுக்கக் கதை. கடதாசிக்கே பஞ்சம் வந்த காலத்தில் ஆறு கொப்பி முழு நோட்ஸ் என்றால் யோசித்துப் பாருங்கள்.

எங்கள் ஊரில் நகையை இரவல் கொடுப்பார்கள், நோட்ஸைக் கொடுக்க மாட்டார்கள். அதற்கும் காரணம் இருந்தது. மருத்துவத்துக்கு எங்கள் மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று ஒரு வரையறை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு படி ஏறினால் உங்கள் பிள்ளை ஒரு படி இறங்கும். அதனால் எந்த மாஸ்டரிடம் போகிறாய் என்று கேட்டாலே பிள்ளைகள் வானத்தைப் பார்ப்பார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தாள். மூத்தவளின் வகுப்புத்தான், அவளும் இரண்டாம் தடவை. தகப்பனுக்குக் கொழும்பில் வேலை. சண்டையால் பாதை மூடியதில் வரமுடியாமல் அங்கேயே நின்றுவிட்டார். தாயும் மகளும் தனிய. தாயை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், என்னைவிட நாலைந்து வயது மூப்பு. வேலியில் ஆள் புகுந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. உப்பும் புளியும் கறிவேப்பிலையும் அதற்குள்ளால் போய் வரும்.

ஒரு நாள் அக்கா அந்தப் பொட்டுக்குள்ளால் வந்து, கிணற்றுக்கட்டில் இருந்து, தயங்கித் தயங்கிக் கேட்டா. உங்களிடம் அந்த மாஸ்டரின் நோட்ஸ் இருக்கிறதாமே, பிள்ளை ஒருக்கால் பார்த்து எழுதிவிட்டுத் தருவாளாம்.

"அது எங்களிட்டை இல்லை அக்கா. மருமகன் கொண்டு போட்டான்" என்றேன்.

நாக்கூசாமல் சொன்னேன். மூத்தவள் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் கரித்துண்டைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனாள். அக்கா ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, வாழைக்குலைகளைப் பற்றி இரண்டு கதை கதைத்துவிட்டுப் போனா.

பொய் சொன்னால் அதற்குக் காவல் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளை எந்த நேரமும் பொட்டுக்குள்ளால் வந்துபோகிறவள். கொப்பியைக் கண்டால் மானம் போய்விடும். இரண்டு கொப்பிகளை வீட்டுக்குள் ஒளித்து வைத்துப் படிப்பித்தேன். மிச்சம் நாலையும் பலகைப் பெட்டியில் போட்டு, வாழைக்குலை பழுக்கப் போடுகிற கொட்டிலில் பரணில் வைத்தேன். அதுவும் போதாது என்று பட்டது. கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு நாள் பெட்டியை இறக்கி, கொட்டிலின் மூலையில் நிலத்தில் வைத்து, மேலே காய்ந்த வாழைச்சருகைக் குவித்தேன். இனி யமன் வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டான் என்று எனக்கு ஒரே புளுகமும் பெருமையும். மழைக்காலத்தில் பௌதிகம், பொங்கலுக்குப் பிறகு மூன்றாவது கொப்பி என்று அட்டவணையும் போட்டேன்.

யமன் கண்டுபிடிக்கவில்லை. கறையான் கண்டுபிடித்தது.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் சருகை விலக்கிப் பெட்டியைத் திறந்தேன். மேல் மட்டை அப்படியே இருந்தது, மருமகனின் பெயர்கூட அழியவில்லை. தூக்கினேன். கையில் மட்டை மட்டும் வந்தது. உள்ளே மண். நாலு கொப்பிக்கும் அதே கதை. வெறும் நிலத்தில், ஈரத்தில், சருகைப் போட்டு மூடி, கறையானுக்குப் பந்தி விரித்துக் கொடுத்தவள் நானேதான். தோட்டக்காரன் பெண்சாதி! ஐந்து வயதுப் பிள்ளைகூட எங்கள் மண்ணில் பலகைப்பெட்டியை நிலத்தில் வைக்காது. கெடுவான் கேடு நினைப்பான் என்று மற்றவர்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

நான் அந்த மண்ணுக்குள் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். பரீட்சைக்கு ஏழு மாதம். மூத்தவளுக்கு முதல் தடவை விழுந்ததே இரசாயனத்தில்தான். மூன்றாம் தடவை எழுதலாம்தான், ஆனால் நாடு இருந்த நிலையில் அடுத்த வருடம் யார் எங்கே இருப்போம் என்று யாருக்குத் தெரியும்? பிள்ளையின் படிப்பில் என் கையாலேயே மண் அள்ளிப் போட்டுவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். இளையவள் பெட்டிக்குள் பார்த்ததும் அழத் தொடங்கினாள். மூத்தவள் அழவில்லை. வாசலில் நின்று நிலைக்கம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஏசாதையுங்கோ" என்றாள். "நோட்ஸ் இருக்கு."

"எங்கை இருக்கு?"

"வேலிக்கு அங்காலை. ஆறு கொப்பியும் அவள் பாத்து எழுதிட்டாள். நான்தான் ஒவ்வொண்டாக் குடுத்தனான். நீங்கள் பெட்டியை நிலத்திலை வைக்க முதலே எல்லாம் முடிஞ்சுது."

என் கை தானாக ஓங்கியது. பொய்யில்லை, ஓங்கியது. நான் நாக்கூசாமல் பொய் சொல்லிக் காவல் காத்த பொருளை, என் வீட்டுப் பிள்ளையே எனக்குத் தெரியாமல் அள்ளிக் கொடுத்திருக்கிறாள். பிறகுதான் அவள் என்ன சொன்னாள் என்பது மண்டைக்குள் போனது. நோட்ஸ் இருக்கு. ஓங்கிய கையால் என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளைப் பிடித்துக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரின் சட்டையிலும் கறையான் மண்.

அதற்குப் பிறகு என் வாழ்க்கையிலேயே நீளமான பயணம் போனேன். கொட்டிலில் இருந்து வேலிப் பொட்டு வரைக்கும் ஒரு முப்பது அடி இருக்கும். மகளை அனுப்பலாம்தான். பொய் சொன்னவள் நான், நானே போக வேண்டும். அக்கா முற்றத்தில் பனங்கிழங்கு ஒடியல் காயப்போட்டுக்கொண்டிருந்தா. நோட்ஸ், கறையான் என்று ஏதோ உளறினேன்.

அவ நிமிர்ந்து பார்த்தா.

"மருமகன் கொண்டு போன நோட்ஸோ, தங்கச்சி?"

"ஓம் அக்கா" என்றேன்.

அவ கையை உதறிவிட்டு எழும்பினா. உள்ளே போய் ஒரு கடதாசிக் கட்டைக் கொண்டுவந்து தந்தா. சி.ஆர். கொப்பி வாங்க அவர்களுக்கு வழியில்லை. தகப்பனின் கொழும்புக் கந்தோர்ப் படிவங்களின் பின்பக்கம், பழைய கலண்டர்த் தாள், கல்யாண அழைப்பிதழின் வெறும் பக்கம் எல்லாவற்றிலும் பொடி எழுத்தில் எழுதி, வாழைநாரால் கோத்திருந்தது. ஒரு சமன்பாடும் தவறவில்லை. அக்கா ஒரேயொரு வார்த்தை கேட்டா. பிள்ளைக்கு விலங்கியல் விளங்குவதில்லை, உங்கள் கிணற்றடியில் அவளும் வந்து இருக்கட்டுமா?

மறுநாளில் இருந்து கிணற்றடியில் மூன்று பேர்.

நான் அன்றே திருந்திவிட்டேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒரு நாள் சிறுநீரகத்தின் படம் கீறிப் படிப்பிக்கும்போது, என் பழைய ஆசிரியை சொல்லித்தந்த ஒரு குறுக்குவழி இருந்தது. பரீட்சையில் படத்தை ஐந்து நிமிடத்தில் கீறி முடிக்கிற வழி. அதை நான் சொல்லாமல் விட்டேன். பிறகு உள்ளே போய் என் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லலாம் என்று ஒரு சின்னப் புத்தி. மூத்தவள் கரியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, அந்தக் கெதியாக் கீறுற முறையை விட்டுட்டியள்" என்றாள்.

அயல்வீட்டுப் பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் தரையை வாளித் தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் இருந்து கீறினேன், அந்தக் குறுக்குவழியோடு. அதற்குப் பிறகு எதையும் ஒளிக்கவில்லை. ஒளிக்க நேரமும் இருக்கவில்லை. மூன்று பேரும் என்னைக் கேள்வியால் அரித்துத் தின்றார்கள். அந்தப் பிள்ளை இரசாயனத்தில் புலி. ஆறு கொப்பியையும் கையால் எழுதியவளுக்கு எந்தச் சமன்பாடு எந்தப் பக்கத்தில் என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும். அவள் இரசாயனம் படிப்பிப்பாள், நான் காய் வெட்டிக்கொண்டே கேட்பேன். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு முதல்முறையாக இரசாயனம் விளங்கியது. இப்போதும் கேளுங்கள், சொல்லுகிறேன்.

ஓகஸ்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சைக்கிளில் போய் எழுதினார்கள். இரசாயனப் பரீட்சை அன்று மூன்று சைக்கிளும் மணி அடித்துக்கொண்டே ஒழுங்கைக்குள் வந்தன. அந்தச் சத்தத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. பெறுபேறு சுணங்கி வந்தது, கப்பலில் வரவேண்டிய எல்லாவற்றையும் போல. மூத்தவள் முதல் தடவையைவிட நாற்பது புள்ளிக்கு மேலே ஏறியிருந்தாள். அயல்வீட்டுப் பிள்ளை அவளைவிட இரண்டு புள்ளி குறைவு. இளையவளுக்கு அந்த முறை புள்ளி காணாது. அவள் மூக்கை உறிஞ்சிவிட்டுப் புத்தகத்தை மறுபடி எடுத்தாள், அடுத்த தடவை விவசாய பீடத்துக்குப் போனாள்.

பல்கலைக்கழகக் கடிதம் அதற்கும் சில மாதம் கழித்து வந்தது. மூத்தவளுக்கு வந்தது. மருத்துவ பீடம். வீட்டுக்காரர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, பொங்கல் பொங்குவோம் என்றார். ஒரு வருடத்தில் அவர் தானாகச் சொன்ன பெரிய வசனம் அதுதான். நான் பொறுங்கோ என்றேன். பக்கத்து வீட்டுக்குக் கடிதம் வரவில்லை.

அக்கா ஓடி வந்து மூத்தவளைக் கொஞ்சினா. தன் பிள்ளைக்கு வராவிட்டாலும் இவளுக்கு வந்ததே பெரிய காரியம் என்று மனதாரச் சொன்னா. என்னால் அவவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு புள்ளி. மருத்துவத்துக்கான வெட்டுக்கோடு அந்த இரண்டு புள்ளிக்கு நடுவில் விழுந்திருந்தால்? அந்தப் பிள்ளை எழுதித் தந்ததைப் படித்து என் பிள்ளை உள்ளே போக, அவள் வெளியே நிற்பதா? பொய் சொன்ன அன்று நான் வேண்டிக்கொண்டது அதைத்தான். இப்போது அது நடந்துவிடுமோ என்று எனக்கு நெஞ்சு பதறியது. என் பிள்ளைக்காகக்கூட நான் அப்படிப் பதறியதில்லை.

நாலு நாள் ஒழுங்கை முடக்கில் போய் நின்றேன். தபாற்காரருக்கு என்னைக் கண்டாலே சிரிப்பு.

"உங்கடை மகளுக்கு வந்திட்டுதெல்லோ, பிறகும் ஏன் வெயிலுக்கை நிக்கிறியள்?" என்று கேட்டார்.

"மற்றவளுக்கு வரேல்லை" என்றேன்.

ஐந்தாம் நாள் அவர் சைக்கிளால் இறங்காமலே நீளக் கடித உறையை உயர்த்திக் காட்டினார். பறித்துக்கொண்டு ஓடினேன். அந்தப் பிள்ளை மாவிடித்துக்கொண்டிருந்தாள், முழங்கை வரைக்கும் மா. கடிதத்தைக் கண்டதும் உலக்கையை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அன்ரி, நீங்கள் உடையுங்கோ" என்றாள்.

உடைத்தேன். முதல் இரண்டு வரி வாசித்தேன். மூன்றாவது வரி தெரியவில்லை, கண் மறைத்துவிட்டது. என் மகளின் கடிதத்துக்கு வராத அழுகை எல்லாம் அந்த முற்றத்தில் வந்தது. சத்தம் கேட்டு அக்கா அடுப்படியில் இருந்து வந்தா. கையில் கடிதத்தோடு நான் விக்கி விக்கி அழுகிறேன், பிள்ளை சுவரோடு நிற்கிறாள். அவவுக்கு அதன் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். கிட்ட வந்து என் தோளைத் தடவினா.

"அழாதையுங்கோ தங்கச்சி. உங்களாலை ஏண்டதெல்லாம் செய்தனீங்கள். இன்னொருக்கால் எழுதட்டும்."

நான் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினேன். கடிதத்தை அவவின் கையில் வைத்தேன்.

"ரெண்டு பேருக்கும், அக்கா" என்றேன். "ரெண்டு பேருக்கும் கிடைச்சிட்டுது."